கன்ட்ரோலர் அப்டேட்டில் வந்த புது வசதிகள்: எதை ஆன் செய்வது, எதை விடுவது?

ஜூன் 2, 2025, காலை 11:05 | கேள்வி

மகளிர் விடுதி ஒன்றின் வைஃபை என் பொறுப்பில் இருக்கிறது. நான்கு மாடி, 38 அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி), 600 பேருக்கு மேல். போன வாரம், இவை எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் கன்ட்ரோலர் சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாற்றினோம். செட்டிங்ஸில் முன்பு இல்லாத சுவிட்சுகள் வரிசையாக வந்து நிற்கின்றன: ஃபாஸ்ட் ரோமிங், பேண்ட் ஸ்டீயரிங் (போனை நெரிசல் குறைந்த அலைவரிசைக்குத் தள்ளுவது), ஆட்டோ சேனல், ஏஐ ஆப்டிமைஸ், ஆளுக்கொரு பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ3 (டபிள்யூபிஏ2வுக்கு அடுத்து வந்த பாதுகாப்பு முறை), எம்எல்ஓ. நிறுவிக் கொடுத்தவர் "எல்லாத்தையும் ஆன் போடுங்க, அதுவே பாத்துக்கும்" என்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல் நெட் ஊர்ந்து போகிறது என்று தினமும் புகார். எதை ஆன் செய்தால் சரியாகும்?

ஜூன் 2, மாலை 6:40

இன்றைக்கு எதையும் ஆன் செய்யாதீர்கள். ஏழு சுவிட்சை ஒரே நாளில் போட்டால், நாளைக்கு நன்றாக ஆனாலும் எதனால் ஆனது என்று தெரியாது, கெட்டுப்போனாலும் தெரியாது.

புது வெர்ஷன்களில் உண்மையிலேயே உருப்படியாக வந்திருப்பது சுவிட்சுகள் அல்ல, பார்வைதான். இரண்டு பக்கங்களைத் தேடுங்கள். ஒன்று, ஒவ்வொரு ரேடியோவுக்கும் சேனல் எவ்வளவு நேரம் பிஸியாக இருந்தது என்று காட்டும் வரைபடம். சேனல் யூட்டிலைசேஷன் அல்லது ஏர்டைம் என்று பெயர் இருக்கும். இரண்டு, ஒரு போனைத் தேர்ந்தெடுத்தால் அது எப்போது எந்த அக்சஸ் பாயின்ட்டில் சேர்ந்தது, எந்தப் படியில் தோற்றது என்று நேர வரிசையில் காட்டும் பக்கம். "நெட் வரல" என்ற புகாரைப் பாஸ்வேர்டு தப்பு, ஐபி கிடைக்கவில்லை, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக்கும் சர்வர்) பதில் இல்லை, சிக்னல் போதவில்லை என்று நான்காகப் பிரித்துத் தருவது அந்தப் பக்கம்தான். முன்பெல்லாம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வாசலில் நின்று பாக்கெட் பிடித்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

இரவு பத்து முதல் ஒன்று வரை அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள். வைஃபை ஓடும் இரண்டு பேண்டையும் (அலைவரிசை) பிரித்து: 2.4 கிகாஹெர்ட்ஸ் தனியாக, 5 தனியாக.

ஜூன் 2, இரவு 9:15

மறந்துபோவதற்கு முன் ஒன்று. புது வெர்ஷனில் எடுத்த பேக்கப் பொதுவாகப் பழைய வெர்ஷனில் ஏறாது. அப்டேட்டுக்கு முன் எடுத்தது கையில் இருக்கிறதா பாருங்கள். அது கன்ட்ரோலர் ஓடும் அதே கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் பேக்கப் கணக்கில் சேராது. அந்த ஹார்டு டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஜூன் 3, காலை 8:30

நீங்கள் போட்ட எண்கள்: 2.4இல் 80 சதவீதத்துக்கு மேல், 5இல் முப்பத்துச் சொச்சம். ஐந்து எஸ்எஸ்ஐடி (போனில் தெரியும் வைஃபை பெயர்) ஓடுகிறது: மாணவிகள், வார்டன், அலுவலகம், விருந்தினர், சிசிடிவி. போட்டதற்கு நன்றி, பதில் இந்த எண்களிலேயே பாதி இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் ஒவ்வொரு அக்சஸ் பாயின்ட்டும் (இனி ஏபி என்றே எழுதுகிறேன்) "நான் இங்கே இருக்கிறேன்" என்று 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பீக்கன் அனுப்பும். ஒரு பீக்கன் சுமார் 300 பைட் என்று வையுங்கள். 2.4இல் குறைந்தபட்ச வேகம் 1 எம்பிபிஎஸ் என்று இருந்தால், அந்த 300 பைட் காற்றில் போய்ச் சேர 2.6 மில்லிசெகண்டு ஆகும். அதாவது ஒரு எஸ்எஸ்ஐடிக்கு நேரத்தில் 2.5 சதவீதம். ஐந்து என்றால் 12.5. ஒரே சேனலில் நான்கு ஏபி ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால் 50 சதவீதம். யாரும் ஒரு பைட் கூட டவுன்லோடு செய்யவில்லை, அதற்குள் பாதி நேரம் காலி!

2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். 38 ஏபியை மூன்றில் அடைத்தால் ஒரு சேனலுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. நான்கு மாடிக் கட்டடத்தில் அதில் குறைந்தது நான்கு ஏபியாவது ஒன்றையொன்று கேட்காமல் இருக்காது.

செய்ய வேண்டியது பழைய வேலை, புது வசதி எதுவும் வேண்டாம். ஐந்து எஸ்எஸ்ஐடியை இரண்டாகக் குறையுங்கள். குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். அப்போது அதே பீக்கன் 0.22 மில்லிசெகண்டில் முடிந்துவிடும், பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. 802.11பி என்ற பழைய வைஃபை மட்டுமே தெரிந்த கிழட்டுக் கருவி ஏதாவது இருந்தால் விலகும். இன்று அப்படி ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம்.

ஜூன் 3, மதியம் 1:10

"எஸ்எஸ்ஐடியைக் குறைத்தால் வார்டனும் மாணவியும் ஒரே நெட்வொர்க்கில் வந்துவிடுவார்களே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வர மாட்டார்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்ற வசதி அதற்குத்தான். அதைத் தனியாக எழுதுகிறேன், நிறைய இருக்கிறது.

ஜூன் 4, காலை 7:50

ஃபாஸ்ட் ரோமிங் பற்றி. இந்தப் பெயருக்குள் மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே சுவிட்சாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்: 802.11கே, வி, ஆர். கே, ஆர் இரண்டும் 2008இல் வந்தவை, வி 2011இல். செட்டிங்ஸில் "நியூ" என்று பச்சைப் பட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்து நேற்றுப் பிறந்தது என்று நினைக்க வேண்டாம்.

கே என்பது பக்கத்து ஏபிகளின் பட்டியலைப் போனிடம் கொடுப்பது. வி என்பது "அந்த ஏபிக்குப் போனால் உனக்கு நல்லது" என்று யோசனை சொல்வது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "உள்ளே எடம் இருக்கு, போங்க" என்று சொல்வதைப் போலத்தான். நகர்வதும் நகராததும் பயணியின் முடிவு. வைஃபையில் எந்த ஏபிக்கு எப்போது தாவுவது என்று தீர்மானிப்பது எப்போதும் போன்தான். எந்தக் கன்ட்ரோலராலும் அந்த முடிவைப் பிடுங்க முடியாது.

ஆப்பிள் தன் ஆவணத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: ஐபோன் இருக்கும் ஏபியின் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலுவின் அளவு) கீழே போனால்தான் வேறு ஏபி தேடும், டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் 8 டெசிபெல், சும்மா இருந்தால் 12 டெசிபெல் கூடுதலாக இருக்கும் ஏபிக்குத்தான் தாவும். இப்போது உங்கள் காரிடாரை நினைத்துப் பாருங்கள். நாற்பது அடிக்கு ஒரு ஏபி, எல்லாம் முழு பவரில். முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை நடந்தாலும் போன் மைனஸ் 70ஐத் தொடவே தொடாது. அது ஏன் தாவும்? மாடிப்படி பக்கத்து ஏபியில் எழுபது பேர், கடைசி ஏபியில் ஐந்து பேர் என்று இருப்பதற்குக் காரணம் இது. மருந்து ரோமிங் சுவிட்ச் இல்லை, ஏபியின் பவரைக் குறைப்பது. முழு பவரில் இன்னொரு கெடுதலும் உண்டு: ஏபி சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்லும் பதில் ஏபிக்குக் கேட்காது. திரையில் நான்கு கோடு நிற்கும், பக்கம் திறக்காது.

ஆர் வேறு வகை. தாவும்போது சாவி மாற்றும் வேலையைச் சுருக்குவது. ரேடியஸ் சர்வர் (லாகினைச் சரிபார்ப்பது) வைத்து ஆளுக்கொரு லாகின் கொடுக்கும் இடத்தில், ஒவ்வொரு தாவலுக்கும் சர்வர் வரை பலமுறை போய்வர வேண்டும். சர்வர் தொலைவில் இருந்தால் வாட்ஸ்அப் கால் அறுபடும். அங்கே ஆர் பெரிய உதவி. எல்லாருக்கும் பொதுவான பாஸ்வேர்டு என்றால் ஏற்கெனவே நான்கு பாக்கெட்டில் முடிகிற வேலைதான், மிச்சம் பிடிப்பது கொஞ்சம். ஆனால் ஆர் ஆன் செய்த எஸ்எஸ்ஐடியில் சேரவே முடியாமல் நிற்கும் பழைய பிரிண்டர்களும் பயோமெட்ரிக் மெஷின்களும் உண்டு.

ஆகவே உங்கள் விடுதிக்கு: கே, வி ஆன். ஆர் இப்போதைக்கு வேண்டாம்.

ஜூன் 4, இரவு 10:25

"மினிமம் ஆர்எஸ்எஸ்ஐ (குறைந்தபட்ச சிக்னல் எல்லை) போட்டு, சிக்னல் குறைந்த போனை வெட்டிவிட்டால் தாவித்தானே ஆக வேண்டும்" என்று கேட்டவருக்கு. கட்டில் மூலையில் இருக்கும் ஒரு போனுக்கு எட்டுகிற ஏபி அது ஒன்றுதான் என்று வையுங்கள். வெட்டுவீர்கள், அது மறுபடி அதிலேயே வரும், மறுபடி வெட்டுவீர்கள். அந்தப் பெண் ராத்திரி முழுக்க "கனெக்டிங்" பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் பவர், பிறகு ஏபி இருக்கும் இடம். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ உலோக ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ ஒளிந்திருக்கும் ஏபியை எந்த சாஃப்ட்வேரும் வெளியே கொண்டுவராது.

ஜூன் 6, காலை 9:00

ஆட்டோ சேனல். இதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

எங்கள் வளாகத்தில் ஒருநாள் விடியற்காலை கரண்ட் போய், ஜெனரேட்டர் ஏறுவதற்குள் ஏபிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகள் எல்லாம் அணைந்து, பிறகு மொத்தமாக எழுந்தன. காலை எட்டு மணிக்குப் புகார் குவிந்தது. கன்ட்ரோலரைத் திறந்தால் ஒரே பிளாக்கில் இருந்த ஏபிகளில் பெரும்பாலானவை சேனல் 36இல் உட்கார்ந்திருந்தன. காரணம் யோசித்தால் எளிது. எழும்போது ஒவ்வொரு ஏபியும் சுற்றிலும் காது கொடுத்து, எந்தச் சேனல் காலி என்று பார்த்து உட்காரும். எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் காது கொடுக்கும். அப்போது யாருமே பேசியிருக்க மாட்டார்கள். எல்லாச் சேனலும் காலியாகத் தெரியும். பட்டியலில் முதலில் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்ளும்.

கரண்ட் போய் வருவது நம் ஊரில் விசேஷம் இல்லை. ஆகவே ஏபி எழும்போது தானே சேனல் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை அணைத்துவிடுங்கள். கன்ட்ரோலர் மேலிருந்து எல்லா ஏபியையும் சேர்த்துப் பார்த்து, குறித்த நேரத்தில் திட்டம் போட்டு, அந்தச் சேனலை ஏபிக்குள் எழுதிவைக்கும் முறை இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் "ஆட்டோ" என்றுதான் பெயர் போட்டிருப்பார்கள். வேலை முற்றிலும் வேறு. நெட்வொர்க் ஸ்விட்சுக்கு ஒரு யூபிஎஸ் போட முடிந்தால் அதைவிட நல்லது.

அந்த நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலும் இரவு நேரம்தான் தயாராகக் குறித்து வைத்திருப்பார்கள், அலுவலகங்களை மனதில் வைத்து. விடுதியில் நள்ளிரவு என்பது பஜார் நேரம். உங்களுக்கு அமைதி காலை பத்து முதல் மூன்று, எல்லாரும் வகுப்பில் இருக்கும்போது. அங்கே மாற்றி வையுங்கள்.

ஜூன் 6, மாலை 5:35

காலையில் எழுதியதற்கு ஒரு வாசகர் நியாயமான எதிர்க்கேள்வி போட்டிருக்கிறார்: ஆளே இல்லாத நேரத்தில் அளந்தால் என்ன தெரியும்? சரியான கேள்வி. பகலில் காது கொடுத்தால் ஏபிகளும் பக்கத்துக் கட்டடத்து ரவுட்டர்களும் தெரியும். 600 பேர் வீடியோ பார்க்கும் நெரிசல் தெரியாது. மாணவிகள் போட்டுவைக்கும் ஹாட்ஸ்பாட்டும் தெரியாது.

ஆகவே அளப்பது இரவில், மாற்றுவது பகலில். புது வெர்ஷன்களில் சிலவற்றில் இந்த இரண்டையும் பிரித்து வைக்க முடிகிறது: பல நாள் அளவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மாற்றத்தை மட்டும் நாம் சொன்ன நேரத்தில் செய்யும். உங்களுடையதில் அது இல்லை என்றால், "பரிந்துரை மட்டும் காட்டு" என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். இரவு காட்டும் பரிந்துரையைக் காலையில் படித்து, பத்தரை மணிக்கு நீங்களே "அப்ளை" கொடுக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது முறைதான் பிடித்திருக்கிறது.

ஜூன் 7, காலை 11:20

சேனல் அகலம் பற்றிச் சுருக்கமாக. 2018 அக்டோபர் அறிவிக்கைக்குப் பிறகு இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸில் 5150 முதல் 5350 வரையும் 5470 முதல் 5875 வரையும், மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். கேட்க நிறையத் தோன்றும். 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் கிடைப்பது ஆறு சேனல். அதில் நான்கு, ரேடாருக்கு வழிவிட வேண்டிய டிஎஃப்எஸ் சேனல்கள். அவற்றில் உட்காரும் முன் ஏபி 60 விநாடி வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். ரேடார் போல ஏதாவது கேட்டுவிட்டால் காலி செய்துவிட்டு 30 நிமிடம் அந்தப் பக்கம் வரக் கூடாது. ஒருவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு 80 நன்று. விடுதிக்கு 40, இன்னும் நெருக்கம் என்றால் 20. ஸ்பீடு டெஸ்டில் எண் குறையும், ராத்திரி புகாரும் குறையும்.

6 கிகாஹெர்ட்ஸ் சுவிட்சைத் தேடிய நண்பருக்கு: 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை 5925 முதல் 6425 வரைக்கும் வரைவு விதிகளை வெளியிட்டது, கட்டடத்துக்குள் குறைந்த பவரில், வெளியே மிகக் குறைந்த பவரில் என்று. இதை எழுதும் 2025 ஜூனில் அது வரைவுதான். நாட்டை வேறு ஏதாவது என்று மாற்றிவைத்து அந்த பேண்டைத் திறக்கும் குறுக்குவழியைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த பேண்ட் முறைப்படி திறக்கும்போது ஆறு 80 சேனல் புதிதாகக் கிடைக்கும், 5இல் இருப்பதற்குச் சமமாக இன்னொன்று.

எம்எல்ஓ கேட்டவர்களுக்கும் இதோடு சேர்த்து: அது ஒரு கருவி ஒரே நேரத்தில் பல பேண்டில் இணையும் வைஃபை 7 வசதி, ஏபியும் போனும் இரண்டும் வைஃபை 7 ஆக இருக்க வேண்டும், டபிள்யூபிஏ3 கட்டாயம். 6 இல்லாமல், 2.4ஐயும் 5ஐயும் மட்டும் கோத்துப் பெரிதாக எதையும் பார்த்துவிட முடியாது.

ஜூன் 9, காலை 6:45

ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஏழு சுவிட்சில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பிபிஎஸ்கே என்றும் டிபிஎஸ்கே என்றும் கம்பெனிக்கு ஒரு பெயர்.

எஸ்எஸ்ஐடி ஒன்றே. உள்ளே பாஸ்வேர்டு நூற்றுக்கணக்கில். எந்தப் பாஸ்வேர்டால் வந்தாரோ அதை வைத்து விஎல்ஏஎன் (ஒரே வயரிங்குக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரியும். வார்டன் ஒரு பக்கம், மாணவி ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம். இதனால்தான் ஐந்து எஸ்எஸ்ஐடியை இரண்டாக்கச் சொன்னேன். ஒருவர் விடுதியைக் காலி செய்தால் அவருடைய பாஸ்வேர்டை மட்டும் அழித்தால் போதும். இப்போது என்ன நடக்கிறது? பொதுப் பாஸ்வேர்டு ஒன்று, மூன்று வருடமாக மாறவில்லை, தெருமுனை ஜெராக்ஸ் கடை வரைக்கும் தெரியும்.

உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அதன் எல்லையும் புரியும். டபிள்யூபிஏ2வில் போன் தன் பாஸ்வேர்டை நேராகச் சொல்வதில்லை. அதிலிருந்து பிறந்த ஒரு முத்திரையை இரண்டாவது பாக்கெட்டில் அனுப்புகிறது. ஏபி தன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சாவியாகப் போட்டு, எது பொருந்துகிறது என்று பார்க்கிறது. டபிள்யூபிஏ3இல் இது நடக்காது. அங்கே முதல் பாக்கெட்டிலேயே இரண்டு பக்கமும் ஒரே பாஸ்வேர்டை வைத்துக் கணக்கைத் தொடங்க வேண்டும்; எந்தப் பாஸ்வேர்டு என்று ஏபிக்கு முன்கூட்டித் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் பல கன்ட்ரோலர்களில் ஆளுக்கொரு பாஸ்வேர்டை ஆன் செய்தால் டபிள்யூபிஏ3 சுவிட்ச் சாம்பல் நிறமாகிவிடுகிறது. அது கோளாறு அல்ல.

விடுதிக்கு எது வேண்டும் என்றால், என் பதில் தயக்கமில்லாமல் டபிள்யூபிஏ2வோடு ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஊருக்கே தெரிந்த ஒரு பாஸ்வேர்டை டபிள்யூபிஏ3இல் போட்டு வைப்பதைவிட இது மேல். அலுவலகத்துக்கு மட்டும் இரண்டாவது எஸ்எஸ்ஐடியை டபிள்யூபிஏ3 ஆக்குங்கள்.

ஜூன் 9, மதியம் 12:05

டபிள்யூபிஏ3இலும் பாஸ்வேர்டோடு ஒரு அடையாளப் பெயர் சேர்த்துப் பலவற்றை வைக்க முடியும் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். உண்மைதான், ஏபி பக்கத்தில் ஹோஸ்ட்ஏபிடி என்ற திறந்த மூல மென்பொருள் அதைச் செய்கிறது. போன்கள் பக்கம் ஆதரவு மிகக் குறைவு. 600 போனில் அது நடக்காதவரை விடுதிக்கு உதவாது.

ஜூன் 9, இரவு 11:30

மேக் அட்ரஸ் (கருவியின் அடையாள எண்) வைத்து "ஆளுக்கு இரண்டு கருவி" என்று கட்டுப்படுத்தி வந்தோம், இப்போது எண்ணிக்கை தாறுமாறாக ஏறுகிறது என்கிறார் கேள்வி கேட்டவர். அதற்கும் மேலே சொன்னதுதான் மருந்து.

ஆண்ட்ராய்டு 10 வந்த 2019இலிருந்தும், ஐஓஎஸ் 14 வந்த 2020இலிருந்தும் போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் மேக் அட்ரஸைத்தான் காட்டுகின்றன. ஐஓஎஸ் 18இல் அதை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கும் தேர்வும் சேர்ந்தது. கண்டுபிடிப்பது சுலபம்: அட்ரஸின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது போன் தானாக உருவாக்கியது. உங்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள், பக்கம் முழுக்க அதுவாகத்தான் இருக்கும். "இன்று வந்த புதிய கருவிகள்" என்று டாஷ்போர்டு காட்டும் எண்ணையும் இனி நம்ப வேண்டாம். ஐபி முகவரி தீர்ந்துபோவதற்கும் இதுவே காரணமாகலாம். டிஎச்சிபி லீஸை (ஒரு கருவிக்கு ஐபி முகவரி ஒதுக்கிவைக்கும் காலம்) ஏழு நாளிலிருந்து சில மணி நேரமாகக் குறையுங்கள்.

போனில் அந்த வசதியை அணைக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது அவர்களைப் பாதுகாக்க வந்த வசதி. கருவியை எண்ணாதீர்கள், பாஸ்வேர்டை எண்ணுங்கள்: ஒரு பாஸ்வேர்டில் ஒரே நேரத்தில் மூன்று கருவி.

ஜூன் 11, இரவு 8:20

முதல் நாள் "பார்வைதான் பெரிய விஷயம்" என்று எழுதினேன். அதைத் திரும்பப் படிக்கும்போது மனம் கொஞ்சம் உறுத்துகிறது. முழுக்கச் சொல்லியாக வேண்டும்.

ஒரு போன் எந்த நேரத்தில் எந்த ஏபியில் இருந்தது என்று காட்டும் அதே பக்கம், ஒரு பெண் எந்த நேரத்தில் எந்த மாடியில், யார் அறைப் பக்கத்தில் இருந்தாள் என்பதையும் காட்டும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வந்ததும் அதில் அவள் பெயரே ஒட்டிக்கொள்ளும். புது வெர்ஷன்கள் சிலவற்றில் கட்டட வரைபடத்தின் மேலேயே புள்ளியாக நகர்த்திக் காட்டுகிறார்கள். நெட் சரிசெய்ய எனக்கு வேண்டியது "மூன்றாம் மாடி, கிழக்கு ஏபி, ஐபி கிடைக்கவில்லை" என்பது மட்டும். யாருடைய பெயரும் வேண்டாம். ஆனால் அந்தப் பக்கம் இருப்பது தெரிந்த மறுநாளே யாராவது ஒருவர் "அந்தப் பொண்ணு நேத்து ராத்திரி எங்க இருந்தா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பார். எங்களிடமும் கேட்டார்கள். எழுத்தில் கொடுங்கள், முதல்வர் கையெழுத்தோடு என்றோம், அதற்குப் பிறகு வரவில்லை.

பதிவே வைக்காமல் இருக்கவும் முடியாது. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கருவிகளின் கடிகாரம் அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. ஆக வைத்திருங்கள், பூட்டி வையுங்கள். கன்ட்ரோலரில் ரோல் என்ற வசதி இருக்கும். வார்டன் அலுவலகத்துக்குக் கொடுக்கும் லாகினில் ஏபி ஓடுகிறதா, நின்றதா என்பது மட்டும் தெரிந்தால் போதும். கருவிப் பட்டியல், இட வரலாறு இரண்டும் அதில் தெரியக் கூடாது. பாஸ்வேர்டுப் பட்டியலில் பெயருக்குப் பதில் ஒரு எண் போடுங்கள், எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு வேறு இடத்தில், வேறு ஆளிடம் இருக்கட்டும். வரைபடத்தில் புள்ளி நகரும் வசதியை அணைத்துவிடுங்கள். மொத்த இழையிலும் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

ஜூன் 12, காலை 10:00

ஏஐ ஆப்டிமைஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது சேனல், அகலம், பவர் மூன்றையும் மாற்றிப் பார்க்கும் வேலைதான். நன்றாகச் செய்பவையும் உண்டு. பல வளாகங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்து, கேபிள் கோளாறு, விஎல்ஏஎன் விடுபட்டது போன்றவற்றைக் கண்டுசொல்லும் அமைப்புகள் என்னை உண்மையிலேயே வியக்க வைத்திருக்கின்றன. நான் கேட்பது ஒரே கேள்வி: என்ன மாற்றினாய், எப்போது, ஏன் என்று பதிவு எழுதுகிறதா? எழுதினால் ஆன் செய்யலாம். "உங்கள் நெட்வொர்க் 23 சதவீதம் மேம்பட்டது" என்று மட்டும் காட்டினால், எதில் 23 என்று கேட்டுவிட்டு ஆஃப் செய்யுங்கள்.

ஜூன் 12, மாலை 4:15

கன்ட்ரோலரை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைத்திருப்பதாக ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார், வீட்டிலிருந்து பார்க்க வசதியாம். உடனே மூடுங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல் பகுதியில் ஓட்டை வெளிவந்தபோது, ஜாவாவில் எழுதிய பல வைஃபை கன்ட்ரோலர்களுக்கும் அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து பார்க்க விபிஎன் போடுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் அமைக்க ஒரு சாயங்காலம் போதும்.

கிளவுடா, சொந்த கம்ப்யூட்டரா என்பது தனி விவாதம். கிளவுடுக்குப் போகிறவர்கள் உரிமம் முடிந்தால் ஏபி வேலை செய்யுமா, நின்றுவிடுமா என்று ஒப்பந்தத்தில் படித்துவிட்டுப் போங்கள். நின்றுவிடுபவை இருக்கின்றன. கையில் நேரமும் ஆர்வமும் உள்ளவர்கள் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருள் ஓடும் ஏபிகளை ஓப்பன்விஸ்ப் என்ற கன்ட்ரோலர் வைத்து நிர்வகித்துப் பார்க்கலாம். ஓப்பன்விஸ்ப் ரோம் மாகாணத்தின் பொது வைஃபைக்காகத் தொடங்கியது, இன்றும் திறந்த மூலமாகவே வளர்கிறது. விடுதி வைஃபையைத் தனி ஆளாகப் பார்ப்பவருக்கு அது கூடுதல் சுமை, உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஜூன் 19, காலை 9:40 | கேள்வி கேட்டவர்

எஸ்எஸ்ஐடி இரண்டு, குறைந்தபட்ச வேகம் 12, 5இல் அகலம் 40, பவர் நடுத்தரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நாள் விட்டுத்தான் செய்தேன். இரவு 2.4 நாற்பதுகளில் நிற்கிறது. புகார் முழுக்க நிற்கவில்லை, ஆனால் வார்டன் மேடமே கூப்பிட்டு "இப்ப பரவால்ல" என்றார். இட வரலாறு வார்டன் லாகினில் தெரியாதபடி செய்தாயிற்று. அடுத்து, சில ஏபிகளில் 2.4ஐ மொத்தமாக அணைக்கலாம் என்று படித்தேன். செய்யலாமா?

ஜூன் 19, மாலை 7:25

வார்டன் மேடம் "பரவால்ல" என்று சொன்னால் அது எந்த டாஷ்போர்டு எண்ணைவிடவும் பெரிது.

அணைக்கலாம், ஒன்றுவிட்டு ஒன்று. மேல் மாடியில் அணைத்த இடத்துக்கு நேர் கீழே உள்ளதை விட்டு, பக்கத்தில் உள்ளதை அணையுங்கள். சதுரங்கக் கட்டம் மாதிரி வரும். அதற்கு முன், 2.4இல் மட்டுமே வாழும் கருவிகளின் பட்டியல் ஒன்று எடுங்கள். கன்ட்ரோலரில் பேண்ட் வாரியாக வடிகட்டினால் வந்துவிடும். போன்களை விட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்: மெஸ்ஸில் பில் பிரிண்டர், வாசலில் பயோமெட்ரிக், வாட்டர் டேங்க் சென்சார், ஒன்றிரண்டு பழைய கேமரா. இவை நிற்கும் இடத்துக்கு அருகே உள்ள ஏபியில் 2.4 அப்படியே இருக்கட்டும். மெஸ்ஸில் மைக்ரோவேவ் அவன் இருந்தால் அதுவும் அதே பேண்டில்தான் இரையும், அங்கே சேனல் 11ஐ விட்டுவிட்டு 1 போட்டுப் பாருங்கள்.

அணைத்தபின் பில் பிரிண்டரை நீங்களே ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பழைய ஏபியின் நினைவிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், புதிதாகத் தேடாது. சாப்பாட்டு நேரத்தில் செய்யாதீர்கள், மூன்று மணிக்குச் செய்யுங்கள்.